ஆப்ட், டிபிகேஜி: புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் மூன்றிலும் டெர்மினல் வழியாக மென்பொருள் நிறுவுவது, புதுப்பிப்பது, நீக்குவது பற்றி வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஃபெடோராவின் டிஎன்எஃப், ஆர்ச்சின் பேக்மேன் ஆகியவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், கட்டளைகள் வேறு. அவை இங்கே இல்லை.

ஆப்ட், ஆப்ட்-கெட், டிபிகேஜி... மூணும் ஒண்ணுதானா? எதை யூஸ் பண்ணணும்?

ஒன்றல்ல, இரண்டு அடுக்குகள். கீழே இருப்பது டிபிகேஜி. அது .டெப் கோப்பைப் (ஒரு மென்பொருளைக் கட்டித் தரும் பேக்கேஜ்) பிரித்து உள்ளே இருப்பவற்றை உரிய இடத்தில் வைக்கும், பேக்கேஜோடு வரும் ஸ்கிரிப்டுகளை ஓட்டும், என்ன செய்தது என்பதை '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' கோப்பில் பதிந்துகொள்ளும். இணையம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வேறொரு பேக்கேஜ் தேவைப்பட்டால் 'இல்லை' என்று புகார் சொல்லுமே தவிர, போய் எடுத்து வராது.

அந்த வேலையைச் செய்வது மேலடுக்கான ஆப்ட். எதற்கு எது தேவை என்று கணக்குப் போட்டு, ரெப்போவிலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் இணையச் சேமிப்பிடம்) இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கும். 'ஆப்ட்-கெட்' பழைய முகம். 'ஆப்ட்' என்ற கட்டளை 2014-ல் 1.0 பதிப்போடு வந்த புதிய முகம். நீங்கள் உட்கார்ந்து தட்டும்போது 'ஆப்ட்' போதும். ஸ்கிரிப்ட் எழுதினால் 'ஆப்ட்-கெட்' போடுங்கள். 'ஆப்ட்' திரையில் காட்டும் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஸ்கிரிப்டில் நம்பாதே என்று அதுவே எச்சரிக்கும்.

பிழை வந்தால் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். 'ஈ:' என்று தொடங்கினால் ஆப்ட் பேசுகிறது. 'டிபிகேஜி:' என்று தொடங்கினால் கீழடுக்கு. முதல் பிழை வரிதான் காரணத்தைச் சொல்லும். கடைசியில் வரும் 'சப்-பிராசஸ் ரிட்டர்ன்ட் அன் எரர் கோட்' வெறும் வால். அதை மட்டும் நகலெடுத்து உதவி கேட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அப்டேட் போட்டேன், ஆனா எதுவுமே புதுசாகலையே?

'சூடோ ஆப்ட் அப்டேட்' எந்த மென்பொருளையும் தொடாது ('சூடோ' என்பது கட்டளையை 'ரூட்', அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). ரெப்போவில் என்னென்ன பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. முதலாவதை ஓட்டாமல் இரண்டாவதை ஓட்டினால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடும்.

'அப்கிரேட்' எதையும் நீக்காது. தேவைப்பட்டால் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' அதுகூடச் செய்யாது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவையென்று கருதினால் நீக்கவும் செய்யும், அதனால் அது காட்டும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் நீங்கள் இருக்கும் வெளியீட்டுக்குள்தான் வேலை செய்யும். உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்குப் போக 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' என்று தனிக் கட்டளை இருக்கிறது. எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள வெளியீடு) பயனர்களுக்கு அடுத்த எல்டிஎஸ்ஸின் '.1' பதிப்பு வந்த பிறகுதான் அது வழி காட்டும்.

எல்லாத்துக்கும் சூடோ போடணுமா?

கணினியை மாற்றும் கட்டளைக்கு மட்டும். 'ஆப்ட் சர்ச்', 'ஆப்ட் ஷோ', 'ஆப்ட் லிஸ்ட்', 'ஆப்ட் பாலிசி' வெறுமனே பார்ப்பவை, சூடோ வேண்டாம். போட வேண்டிய இடத்தில் மறந்தால், பூட்டுக் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று சொல்லி, 'ஆர் யூ ரூட்?' என்று கேட்கும்.

"அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்"னு வருது. ஆனா அந்த சாஃப்ட்வேர் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க!

புது இன்ஸ்டால் என்றால் முதல் சந்தேகம் 'அப்டேட்' ஓட்டவில்லை என்பது. அடுத்தது பெயர். மென்பொருளின் பெயரும் பேக்கேஜின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லோஹித் தமிழ் எழுத்துரு நல்ல உதாரணம்: பேக்கேஜ் பெயரின் கடைசித் துண்டு டி-ஏ-எம்-எல் என்ற நான்கு எழுத்துக் குறி. 'தமிழ்' என்பதை வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினால் கிடைக்காது. 'ஆப்ட் சர்ச் லோஹித்' என்று தேடினால் சரியான பெயர் கண்ணில் படும்.

பெயரும் சரியென்றால், பேக்கேஜ் இருக்கும் பிரிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் பெரும்பாலானவை 'யூனிவர்ஸ்' பிரிவில் இருக்கும். சில சர்வர் இமேஜ்களில் அது மூடியே வரும். 'சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்' என்று திறக்கலாம். 24.04-க்குப் பிறகு '/எட்சி/ஆப்ட்/சோர்ஸஸ்.லிஸ்ட்' கோப்பைத் திறந்து 'காலியா இருக்கே' என்று பதறுபவர்கள் உண்டு. ரெப்போ விவரம் 'சோர்ஸஸ்.லிஸ்ட்.டி' ஃபோல்டரில் உள்ள 'உபுண்டு.சோர்ஸஸ்' கோப்புக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

'அப்டேட்' ஓட்டும்போதே 404 வந்தால் உங்கள் வெளியீடு ஆயுள் முடிந்ததாக இருக்கலாம். எல்டிஎஸ் அல்லாத உபுண்டு வெளியீடுகளுக்கு ஒன்பது மாதம்தான். அதன்பின் அவற்றின் கோப்புகள் 'ஓல்ட்-ரிலீசஸ்' சர்வருக்கு நகர்த்தப்பட்டுவிடும். முகவரியை அங்கே மாற்றினால் அப்போதைக்கு வேலை நடக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது.

வெப்சைட்ல இருந்து ஒரு .டெப் ஃபைல் இறக்கினேன். எப்படிப் போடுறது?

அந்த ஃபோல்டருக்குப் போய் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பின்பெயர்.டெப்' என்று தட்டுங்கள். முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அதை ரெப்போவில் உள்ள பெயராக எடுத்துக்கொண்டு முந்தைய கேள்வியில் பார்த்த பிழையைத் தரும்.

பழைய வழிகாட்டிகள் 'டிபிகேஜி -ஐ' என்று சொல்லும். அதில் போட்டால் தேவையான மற்றவை வராமல் பாதியில் நிற்கும். பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். முடிவில் '_ஆப்ட்' என்ற பயனரால் கோப்பை அணுக முடியவில்லை, ரூட்டாக இறக்கினோம் என்று 'என்:' வரி வந்தால் விட்டுவிடுங்கள். அது தகவல், பிழை அல்ல.

ரிமூவ், பர்ஜ்: எதைப் போட்டா முழுசாப் போகும்?

'ரிமூவ்' நிரலை நீக்கும், '/எட்சி'யில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி நிறுவினால் பழைய அமைப்பு அப்படியே கிடைக்கட்டும் என்பதற்காக. 'பர்ஜ்' அவற்றையும் எடுத்துவிடும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் ஒழுங்காக நிறுவியவை 'ஐஐ' என்றும், நீக்கியும் அமைப்புக் கோப்பு மிச்சமிருப்பவை 'ஆர்சி' என்றும் தெரியும்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில் அந்த நிரல் எழுதிய மறைகோப்புகளை இரண்டுமே தொடாது. 'பர்ஜ் பண்ணி மறுபடி போட்டும் அதே பிரச்சினை' என்பதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே உள்ள '.கான்ஃபிக்' ஃபோல்டர். டேட்டாபேஸ் சர்வர்களில் 'பர்ஜ்' போடும் முன் தரவை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். தரவையும் அழிக்கவா என்று நடுவில் கேட்கும், அவசரத்தில் 'ஆம்' அழுத்திவிட்டால் திரும்பாது.

ஆட்டோரிமூவ் நூறு பேக்கேஜ் காட்டுது. அழுத்தலாமா?

நூறு காட்டினால் அழுத்தாதீர்கள், முதலில் படியுங்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆப்ட் ஒரு குறி வைத்திருக்கும்: நீங்கள் கேட்டு வந்ததா, வேறொன்றுக்காகத் தானாக வந்ததா என்று. தானாக வந்தது இப்போது எவருக்கும் தேவையில்லையென்றால் 'ஆட்டோரிமூவ்' பட்டியலில் சேரும். சாதாரணமாக அதில் பழைய கெர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சில லைப்ரரிகளும் இருக்கும், அவை போகட்டும்.

சிக்கல் எங்கே என்றால், டெஸ்க்டாப் முழுவதும் பல நேரம் ஒரே ஒரு 'மெட்டா பேக்கேஜ்' (மற்ற பேக்கேஜ்களைச் சேர்த்து இழுத்து வருவதற்காக மட்டும் இருப்பது) பிடித்து நிறுத்தியிருக்கும். டெபியனில் 'இந்த விளையாட்டு வேண்டாம்' என்று ஒன்றை நீக்கப் போய், அதைச் சார்ந்திருந்த 'நோம்' மெட்டா பேக்கேஜும் கூடவே போனால், மிச்சமெல்லாம் 'யாருக்கும் வேண்டாதவை' ஆகிவிடும். வேண்டியவற்றை 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று போட்டுப் பெயர்களைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

எந்தக் கட்டளையையும் முதலில் '-எஸ்' சேர்த்து ஓட்டினால் எதுவும் நடக்காமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். 2021-ல் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப் போன ஒருவருக்கு ரெப்போவில் இருந்த கோளாறால் டெஸ்க்டாப்பே நீங்கியது யூடியூபில் பிரபலம். என்னென்ன போகும் என்ற பட்டியலை ஆப்ட் காட்டி, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தைத் தட்டச் சொல்லியது, அவரும் தட்டினார். இப்போதைய பதிப்புகள் அந்த வாக்கியத்தைக் கேட்பதில்லை, அடிப்படைப் பேக்கேஜ் என்றால் நேரடியாக மறுத்துவிடும். டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் கிடையாது.

"குட் நாட் கெட் லாக்"னு வருது. லாக் ஃபைலை டெலீட் பண்ணச் சொல்றாங்களே?

பண்ணாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இது இருக்கட்டும். பூட்டு என்பது அந்தக் கோப்பு இருப்பது அல்ல. திறந்திருக்கும் அந்தக் கோப்பின் மேல் ஒரு நிரல் கெர்னலிடம் வாங்கி வைத்திருக்கும் உரிமை. கோப்பை அழித்தால் பழைய நிரல் தன் பூட்டோடு வேலையைத் தொடரும். நீங்கள் ஓட்டும் ஆப்ட் அதே பெயரில் புதுக் கோப்பு உண்டாக்கி அதற்குத் தனியாகப் பூட்டு வாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் 'ஸ்டேட்டஸ்' கோப்பில் எழுதினால் கதை முடிந்தது.

பிழை வரியிலேயே பூட்டை வைத்திருப்பவரின் பெயரும் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அது 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்', பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போடும் நிரல். இரவில் அணைந்திருந்த கணினி தவறவிட்ட வேலையைக் காலையில் பூட் ஆனதும் செய்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். புதிய 'ஆப்ட்' தானே இரண்டு நிமிடம் காத்திருக்கும்.

அப்கிரேட் ஓடும்போது கரண்ட் போயிடுச்சு. இப்ப எது போட்டாலும் ஓடலை.

'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று அதுவே சொல்லி, ஓட்ட வேண்டிய கட்டளையையும் தரும்: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. நிறுவுவது இரண்டு கட்டம்: பிரித்து வைப்பது, பிறகு அமைப்பது. பிரித்தும் அமைக்காதவை பட்டியலில் 'ஐயூ', அமைக்கும்போது தோற்றவை 'ஐஎஃப்'. அந்தக் கட்டளை மிச்ச வேலையை முடிக்கும். அதன்பின் '--ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', பிறகு மறுபடி 'அப்கிரேட்'. இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

ஒரு பேக்கேஜ் மட்டும் திரும்பத் திரும்ப 'ஐஎஃப்' என்றால் அதன் 'போஸ்ட்இன்ஸ்ட்' (பிரித்து வைத்த பின் அமைக்க ஓடும்) ஸ்கிரிப்ட் தோற்கிறது. ஏன் என்பது '/வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக்' கோப்பில் இருக்கும். சர்வீஸ் தொடங்காததாலோ வட்டு நிரம்பியதாலோ இருக்கலாம். 'ஸ்டேட்டஸ்' கோப்பே கெட்டுப்போயிருந்தால் பக்கத்திலேயே 'ஸ்டேட்டஸ்-ஓல்ட்' உண்டு. '/வார்/பேக்கப்ஸ்' ஃபோல்டரில் முந்தைய நாட்களின் நகல்களும் இருக்கும்.

நடுவுல ஒய், என், டி, இசட்னு கேட்டு நிக்குது. எதை அழுத்த?

ஒரு அமைப்புக் கோப்பை நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜ் செய்தவர்களும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் நடந்தால்தான் இந்தக் கேள்வி வரும். முதலில் 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். வெறும் என்டர் அழுத்தினால் உங்களுடையது நிற்கும், புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் உட்காரும். 'ஒய்' அழுத்தினால் புதியது வரும், உங்களுடையது '.டிபிகேஜி-ஓல்ட்' ஆகும். எதுவும் தொலையாது. தொலைவிலிருந்து இயக்கும் சர்வரில் நெட்வொர்க் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் உங்களுடையதையே வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஒப்பிடுங்கள்.

சில பேக்கேஜ் மட்டும் "கெப்ட் பேக்"னு தினமும் வருது. ஃபோர்ஸ் பண்ணி போடலாமா?

உபுண்டுவில் பெரும்பாலும் தேவையே இல்லை. புதிய திருத்தங்களை அவர்கள் ஒரே நாளில் எல்லோருக்கும் விடுவதில்லை. சிறு விழுக்காட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிப்பார்கள், நடுவில் கோளாறு தெரிந்தால் நிறுத்துவார்கள். 21.04 முதல் ஆப்ட்டும் இதைப் பின்பற்றுகிறது. 'ஆப்ட் பாலிசி' போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் 'ஃபேஸ்ட் 20%' என்பது போலத் தெரியும். உங்கள் முறை வரும்போது தானாக வரும்.

அப்படி இல்லையென்றால், புதிய பதிப்புக்காக வேறொன்றை நீக்க வேண்டியிருக்கலாம்; 'அப்கிரேட்' எதையும் நீக்காது என்று மேலே பார்த்தோம். அப்போது 'ஃபுல்-அப்கிரேட் -எஸ்' போட்டு எது போகும் என்று பாருங்கள்.

"யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்"னு வருது. நான் எதையும் ஹோல்ட் பண்ணலையே?

பண்ணியிருக்க மாட்டீர்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' காலியாகவே இருக்கும். தேவைகளின் கணக்கு ஒத்துவரவில்லை என்பதைத்தான் அந்தச் செய்தி இப்படிச் சொல்கிறது, மோசமான சொற்களில். காரணம் பெரும்பாலும் வேறு வெளியீட்டுக்கான ரெப்போவோ பிபிஏவோ (லான்ச்பேடில் தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் ரெப்போ) கலந்திருப்பது.

'டிபெண்ட்ஸ்' வரியில் எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு கேட்கப்படுகிறது என்று பாருங்கள். அந்தப் பெயரை 'ஆப்ட் பாலிசி'க்குக் கொடுங்கள். எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது, அதன் முன்னுரிமை எண் என்ன என்று காட்டும்: வழக்கமான ரெப்போவுக்கு 500, ஏற்கெனவே நிறுவியிருப்பதற்கும் டெபியன் பேக்போர்ட்ஸுக்கும் (புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் ரெப்போ) 100. நிறுவியிருக்கும் பதிப்பு எந்த ரெப்போவிலும் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. அந்தப் பிபிஏவை எடுத்துவிட்டு, அந்தப் பேக்கேஜை முறையான பதிப்புக்கு இறக்க வேண்டும். வழி கடைசிக் கேள்வியில்.

வெளி ரெப்போ சேர்க்க ஆப்ட்-கீ போடச் சொல்றாங்க. அந்தக் கமாண்டே இல்லையே?

டெபியன் 13-ல் அது நீக்கப்பட்டுவிட்டது. அதன் வழியாகச் சேர்த்த சாவி (ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது) எந்த ரெப்போவுக்கும் செல்லும் என்பதுதான் குறை: ஏதோ ஓர் எடிட்டருக்காகச் சேர்த்த சாவியை வைத்துக் கெர்னலைக்கூடக் கையொப்பமிட்டுத் தரலாம். இப்போது சாவியை '/எட்சி/ஆப்ட்/கீரிங்ஸ்' ஃபோல்டரில் வைத்து, ரெப்போ வரியில் '[சைன்ட்-பை=சாவியின் முழுப் பாதை]' என்று சேர்க்க வேண்டும்.

இரண்டு இடத்தில் சறுக்கும். எழுத்து வடிவச் சாவி '.ஏஎஸ்சி' என்றும், பைனரி '.ஜிபிஜி' என்றும் முடிய வேண்டும்; மாற்றி வைத்தால் ஆப்ட் ஏற்காது. அடுத்தது அனுமதி: சாவிக் கோப்பு 644 ஆக இல்லாவிட்டால் '_ஆப்ட்' பயனரால் படிக்க முடியாது. சாவி கண்ணெதிரே இருந்தும் 'நோ_பப்கீ' என்று வரும்.

"ஹாஷ் சம் மிஸ்மேட்ச்", "நாட் வேலிட் யெட்"... இது வைரஸா?

அநேகமாக இல்லை. முதலாவது, இறக்கிய கோப்பு பட்டியலோடு பொருந்தவில்லை என்கிறது: மிரர் (ரெப்போவின் நகல் சர்வர்) பாதி ஒத்திசைவில் இருந்திருக்கும், அல்லது நடுவில் உள்ள பிராக்ஸி பழைய நகலைத் தந்திருக்கும். சற்று நேரம் கழித்து ஓட்டுங்கள். தீரவில்லையென்றால் '/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்' உள்ளே இருப்பவற்றை அழித்துவிட்டு 'அப்டேட்' போடுங்கள். வேறு மிரருக்கும் மாறிப் பாருங்கள். இரண்டாவது, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினியிலும், தூங்கி எழுந்த விர்ச்சுவல் மெஷினிலும் சகஜம். 'டைம்டேட்சிடிஎல்' போட்டுப் பாருங்கள்.

பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சிடுச்சு, அப்கிரேடும் ஓடலை, ஆட்டோரிமூவும் ஓடலை.

முதலில் 'யூநேம் -ஆர்'. அதில் வருவது இப்போது ஓடும் கெர்னல், அதைத் தொடவே கூடாது. பிறகு 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்குபவற்றில் மிகப் பழையதைத் தேர்ந்து 'சூடோ ஆப்ட் பர்ஜ்' போடுங்கள். கணக்கு உடைந்திருப்பதால் ஆப்ட் மறுத்தால் கீழடுக்குக்கு இறங்குங்கள்: 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' போட்டு, அதே எண்ணுள்ள 'லினக்ஸ்-இமேஜ்', 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' இரண்டின் பெயரையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். இமேஜை மட்டும் கொடுத்தால் மற்றது தடுக்கும். இடம் கிடைத்ததும் கரண்ட் கேள்வியில் சொன்ன வரிசை. '/பூட்' உள்ளே கோப்புகளைக் கையால் அழித்தால் டிபிகேஜிக்குத் தெரியாது. அடுத்த அப்டேட்டில் அந்தக் கெர்னலுக்காக மறுபடி தகராறு வரும்.

மூலப் பார்ட்டிஷன் ('/') நிறைந்திருந்தால் 'சூடோ ஆப்ட் கிளீன்' போதும். இறக்கி வைத்த .டெப் கோப்புகள் மட்டுமே போகும்.

ஆப்ட்லதான் ஃபயர்ஃபாக்ஸ் போட்டேன், ஸ்னாப்பா வந்து நிக்குது?

ஸ்னாப் என்பது .டெப் அல்லாத இன்னொரு பேக்கேஜ் வடிவம். உபுண்டு 22.04 முதல் ரெப்போவில் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் வெறும் கூடு; உள்ளே ஸ்னாப்பை இறக்கும் ஸ்கிரிப்ட் மட்டும். குரோமியம் 19.10-லிருந்தே இப்படித்தான். .டெப்பாக வேண்டுமென்றால் மொசில்லாவே ரெப்போ நடத்துகிறது. சாவியும் வரியும் சேர்த்தால் மட்டும் போதாது. உபுண்டுவின் கூட்டுக்குப் பதிப்பெண் '1:1ஸ்னாப்1' என்று தொடங்கும். முன்னால் உள்ள '1:' காரணமாக அது எப்போதும் 'புதியது' ஆகிவிடும். '/எட்சி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி' ஃபோல்டரில் ஒரு கோப்பு வைத்து, மொசில்லா மூலத்துக்கு முன்னுரிமை 1000 கொடுத்தால்தான் பதிப்பெண் குறைந்தாலும் அதை எடுக்கும்.

பிப் இன்ஸ்டால் போட்டா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்"னு திட்டுது.

பிப் என்பது பைத்தானின் சொந்த நிறுவல் கருவி. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இப்படி. ஆப்ட்டின் கண்காணிப்பில் உள்ள பைத்தான் ஃபோல்டரில் பிப் எழுதினால் கணினியின் சொந்தக் கருவிகள் உடையும். லைப்ரரி என்றால் 'பைத்தான்3 -எம் வென்வ்' கொண்டு தனிச் சூழல். கட்டளைக் கருவி என்றால் 'பிப்எக்ஸ்'. '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற வழி உண்டு, பெயரிலேயே விளைவு எழுதியிருக்கிறது.

நேத்து அப்கிரேட் பண்ணதுல ஒண்ணு சொதப்புது. பழைய வெர்ஷனுக்குப் போக முடியுமா?

எது மாறியது என்பதை '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' சொல்லும்: தேதி, ஓட்டிய கட்டளை, ஒவ்வொரு பேக்கேஜின் பழைய பதிப்பு, புதிய பதிப்பு. 'ஆப்ட் லிஸ்ட் -ஏ' போட்டுப் பெயரைக் கொடுத்தால் இப்போது கிடைக்கும் பதிப்புகள் வரும். பழையது அதில் இருந்தால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பெயர்=பதிப்பு'. பதிப்பெண்ணைக் கடைசி எழுத்து வரை நகலெடுத்து ஒட்டுங்கள்.

பட்டியலில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். உபுண்டு ரெப்போவில் வெளியீட்டு நாள் பதிப்பும் கடைசித் திருத்தமும்தான் நிற்கும். நடுவில் வந்தவை உபுண்டுவின் லான்ச்பேட் தளத்தில் கிடைக்கும். டெபியனுக்கு 'ஸ்னாப்ஷாட்' என்ற காப்பகம் உண்டு. அங்கிருந்து .டெப்பை இறக்கி, முன்பு சொன்னபடி './' வைத்து நிறுவுங்கள். பிறகு 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போடாவிட்டால் அடுத்த 'அப்கிரேட்' மறுபடி மேலே ஏற்றிவிடும். ஹோல்ட் இருக்கும்வரை அந்தப் பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது; கோளாறு சரியான பதிப்பு வந்ததும் 'அன்ஹோல்ட்' போட்டுவிடுங்கள்.

கீழே இறக்குவதை டெபியனோ உபுண்டுவோ முறையாக ஆதரிப்பதில்லை. சாதாரண நிரல் என்றால் பெரும்பாலும் ஓடும். புதிய பதிப்பு தன் தரவுக் கோப்பின் வடிவத்தை மாற்றியிருந்தால், டேட்டாபேஸ் சர்வர்களில் இது உண்டு, பழைய நிரலால் அதைத் திறக்க முடியாது. லிப்சி போன்ற அடித்தள லைப்ரரியில் மட்டும் இந்த முயற்சியே வேண்டாம்.